தாளம் கேட்காத கார்

கரியமாணிக்கம் தன் காரில் இருந்த ஸ்டீரியோவைக் குறை சொல்ல ஆரம்பித்தது 2016 பொங்கல் கழிந்த வாரத்தில். கார் 1998இல் செய்தது. சைகோனை விட்டுச் சொந்த நாட்டுக்குப் போன ஒரு கொரியக்காரரிடமிருந்து ஒன்பது வருடங்களுக்கு முன் வாங்கியது. புதுக் கார் மீது விழுகிற வரியில் இன்னொரு காரே வாங்கிவிடலாம் என்பதால் அந்த ஊரில் பழைய காரை யாரும் லேசில் கைவிடுவதில்லை. இஞ்சின் சத்தமில்லாமல் ஓடியது. ஏசி குளிர்ந்தது. கார் கம்பெனியே பொருத்தி அனுப்பிய ஸ்டீரியோவும் கேசட், சிடி இரண்டையும் பாடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பாட்டைப் போர்வை போட்டு மூடியதுபோல் இருக்கிறது என்றார் கரியமாணிக்கம்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. தேவகோட்டைக்காரர். 1993இல் ஒரு மிளகு சுத்திகரிக்கும் ஆலைக்கு மேற்பார்வையாளராக வந்து, ஒன்பது வருடம் அந்த இயந்திரங்களுக்கு நடுவே நின்று, பிறகு தனியாகப் பிரிந்தவர். தமிழ்நாட்டிலிருந்தும் துபாயிலிருந்தும் மிளகு வாங்க வருகிறவர்களுக்கும், விற்கும் வியட்நாமியர்களுக்கும் நடுவே உட்கார்ந்து பேசிக்கொடுப்பது அவர் தொழில். வியட்நாமிய மொழியில் ஒரே சொல்லைக் குரலை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். வெளிநாட்டுக்காரர்கள் தடுக்கி விழுகிற இடம் அது. கரியமாணிக்கம் தடுக்கியதில்லை. போனில் அவரோடு பேசுகிறவர்கள் நேரில் பார்த்ததும் திகைப்பார்கள். அந்தத் திகைப்பு அவருக்குப் பிடிக்கும்.

வாரத்துக்கு இரண்டு தடவை வுங் டாவ் சாலையில் போய், உள்ளே திரும்பி, சாவ் டுக் என்கிற மிளகுத் தோட்டப் பகுதிக்குப் போவார். இரண்டரை மணி நேரம். வழி நெடுக நாதஸ்வரம்தான். தவில் வாசிப்பவர் எங்கே விட்டு எங்கே பிடிக்கிறார் என்று ஸ்டீரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே போவது வழக்கம்.

தை மாதம் சைகோன் முருகன் கோயிலுக்குப் போகும்போது மனைவி தெய்வயானையிடம் கேட்டார்.

“தாளம் கேக்குதா ஒனக்கு?”

“கேக்குதே.”

“எனக்குக் கேக்கலை. தவில் இருக்கு, நாயனம் இருக்கு, ஜால்ராத் தாளம் போடுற ஆளு மட்டும் எந்திரிச்சுப் போயிட்டான். ஸ்பீக்கர் போச்சு.”

தெய்வயானை அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, சாலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். “மாத்தணும்னா மாத்துங்க” என்றாள்.

சைகோனின் ஐந்தாம் மாவட்டத்தில் ஒரு சந்துக்குள் யூங் என்பவரின் கடை இருந்தது. கார்களுக்குப் பாட்டுப் பெட்டி பொருத்துவதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை. நாற்பது வயது. கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. கரியமாணிக்கத்தைச் ‘சூ’ என்று, அதாவது சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டார். இருவரும் பேசிக்கொண்டது வியட்நாமிய மொழியில்தான்.

பிளாஸ்டிக் நெம்புகோலால் டேஷ்போர்டின் முகப்பைக் கீறல் விழாமல் கழற்றி, நான்கு திருகுகளை எடுத்து, பழைய பெட்டியை வெளியே இழுத்தார் யூங். பின்னால் வயர்கள் கொத்தாகத் தொங்கின.

“இதை வெட்டி ஒட்டுறவங்க இருக்காங்க சூ. நான் வெட்ட மாட்டேன். இதுக்குப் பொருந்துற பிளக்கு தனியா விக்கிறாங்க. நாளைக்கு உங்களுக்குப் பிடிக்கலைன்னா பழசையே திருப்பி மாட்டிக்கலாம்.”

கரியமாணிக்கத்துக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. தொடுதிரை வைத்த புதுப் பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பழையது இருந்த குழி பெரிது. இடைவெளி தெரியாமல் சுற்றிலும் கறுப்புச் சட்டம் ஒன்று வைத்து அடைத்தார் யூங். போனிலிருந்தே பாட்டு வந்தது. திரையில் ராகத்தின் பெயர் தமிழில் ஓடியது. சந்துமுனையில் ஐஸ் காப்பி விற்கும் அம்மாள் கூட எட்டிப் பார்த்து, யார் வீட்டில் கல்யாணம் என்று கேட்டாள்.

திரும்பி வரும் வழியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் கூடியிருந்தது. தவில் நெஞ்சில் வந்து மோதியது. தாளம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கதவு ஸ்பீக்கர்களை மாற்றப் போனார். இந்தத் தடவை நான்கு கதவுகளின் உள் பலகைகளையும் யூங் கழற்றினார். பதினெட்டு வருடத்துப் பழைய ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்பு ஓரத்தில் வெடித்திருந்தது. அதைக் கண்டதும் கரியமாணிக்கத்துக்கு ஒரு திருப்தி. கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்து, “நான் சொன்னேன்ல” என்றார். யூங் கதவின் தகரத்தில் அதிர்வு தாங்கும் தார்ப் பட்டைகளை ஒட்டி, புது ஸ்பீக்கர்களை இறுக்கி, முன்கண்ணாடியின் இரண்டு ஓரத் தூண்களிலும் பொத்தான் அளவுக்கு ட்வீட்டர்களை வைத்தார். மெல்லிய, கூர்மையான ஒலியெல்லாம் அதில்தான் வரும் என்றார்.

பாட்டைப் போட்டதும் யூங் தலையை லேசாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“போதுமா சூ? கொஞ்சம் கூர்மையாத்தான் இருக்கு.”

“இன்னும் கொஞ்சம் ஏத்து” என்றார் கரியமாணிக்கம்.

யூங் ஏற்றினார். பிறகு கரியமாணிக்கம் தானே திரையைத் தொட்டு, கூர்மையை ஏற்றுகிற, ட்ரெபிள் என்று இருந்த கோட்டைக் கடைசி வரைக்கும் தள்ளினார். எங்கேயோ அடுத்த தெருவில் ஒரு சாவிக்கொத்து குலுங்குவதுபோல் ஏதோ கேட்டது. அது தாளம்தானா என்பது அவருக்கு நிச்சயமில்லை.

மார்ச் மாதம் காரைக்காலிலிருந்து ஜெய்னுலாபுதீன் வந்தார். மிளகு வாங்கித் துபாய்க்கு அனுப்புகிறவர். பதினோரு வருடப் பழக்கம். அவரைச் சாவ் டுக்கிற்குக் கூட்டிப்போகும் வழியில் கரியமாணிக்கம் புதுப் பெட்டியைக் காட்டப் பாட்டைப் போட்டார். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார் ஜெய்னுலாபுதீன்.

“செட்டியாரே, தப்பா எடுத்துக்காதீங்க. பல்லு கூசுது. கொஞ்சம் கொறைங்க.”

“பெட்டி புதுசு பாய். பழகப் பழகச் சரியாப் போயிடும்.”

மிளகுக்காரி லான் என்ற பெண்மணி. கணவர் இறந்த பிறகு தோட்டத்தையும் கிடங்கையும் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். தகரக் கூரைக் கொட்டகையில் பெரிய மின்விசிறி ஓட, மிளகைத் தூற்றிக்கொண்டிருந்தார்கள். தூசிக்காக எல்லோரையும்போல அவளும் மூக்கையும் வாயையும் துணி முகமூடியால் மூடியிருந்தாள். விலை படிந்தது. தரம் படிந்தது. எப்போது சரக்கு ஏற்றுவாய் என்று கேட்டதற்கு அவள் ஒரு மாதத்தைச் சொன்னாள். வியட்நாமிய மொழியில் மாதங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஆறு என்றால் ‘சாவ்’. எட்டு என்றால் ‘தாம்’. இரண்டிலும் குரல் ஒரே மாதிரி மேலே ஏறும்.

“ஆறாம் மாசம், பாய். ஜூன்” என்றார் கரியமாணிக்கம்.

ஜெய்னுலாபுதீன் அங்கிருந்தபடியே துபாய்க்குப் போன் செய்து ஜூன் என்று வாக்குக் கொடுத்தார்.

கரியமாணிக்கம் ஒப்பந்தத்தை இரண்டு மொழியிலும் எழுதி அனுப்பினார். மூன்றாம் நாள் லானிடமிருந்து போன் வந்தது. தான் சொன்னது ஆறு இல்லை, ஏழுக்கு அடுத்த எட்டாம் மாதம் என்றாள். ஆகஸ்டு வரைக்கும் சுத்தம் செய்கிற ஆலையில் தனக்கு இடம் இல்லை, ஜூனில் கொடுக்கிறேன் என்று பைத்தியக்காரி கூடச் சொல்ல மாட்டாள் என்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொன்னாள்.

ஜெய்னுலாபுதீன் அப்போது விமான நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுக் கைப்பையைக் கீழே வைத்தார்.

“நீங்க ஆறுன்னுதானே சொன்னீங்க?”

“அந்தம்மா வார்த்தையை முழுங்கிப் பேசுது பாய். முகமூடி வேற. அப்பறம் மாத்திச் சொல்றாக.”

“சரி” என்றார் ஜெய்னுலாபுதீன். துபாய்க்குப் போன் செய்து சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் கரியமாணிக்கத்தின் காரில் ஏறாமல் டாக்ஸி பிடித்துப் போனார்.

அந்த வாரம் முழுவதும் கரியமாணிக்கம் லானைப் பற்றியே பேசினார். தெய்வயானை கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்ததும் ஸ்டீரியோவுக்குத் திரும்பினார். பெட்டிக்கு வலு போதவில்லை, தனியாக ஆம்ப்ளிஃபயர் வைத்தால்தான் சரிப்படும் என்று முடிவு செய்து மறுபடியும் ஐந்தாம் மாவட்டத்துக்குப் போனார்.

யூங் கடையில் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. அதை எடுக்காமல், கரியமாணிக்கத்தின் காரில் ஏறி, கதவைச் சாத்தி, அவருடைய பாட்டையே போட்டு ஒரு நிமிடம் கேட்டார். அணைத்துவிட்டு இறங்கினார்.

“சூ, இதுக்கு மேல நான் எதையும் விக்க மாட்டேன். ஒரு சின்னச் சோதனை செஞ்சு பாக்கலாம். ஸ்பீக்கர் சரியாப் பேசுதான்னு பாக்க நாங்க போடுறதுதான்.”

கீழ் ஒலியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும் ஒற்றை ஒலி அது. அதைத் தன் போனில் வைத்திருந்தார் யூங். காப்பி விற்கும் அம்மாளையும் கூப்பிட்டார். கரியமாணிக்கத்தைவிட நான்கைந்து வயது கூடுதலாகவே இருக்கும் அவளுக்கு. காரின் நான்கு கதவுகளையும் திறந்து வைத்து, மூன்று பேரும் பக்கத்தில் நின்றார்கள்.

“கேக்குற வரைக்கும் கையத் தூக்கி வச்சிருங்க. நின்னதும் எறக்கிருங்க.”

முதலில் பேருந்து உறுமுவதுபோல் இருந்தது. பிறகு சங்கு. பிறகு புல்லாங்குழல். மெலிந்து மெலிந்து மேலே போய் நின்றது. கரியமாணிக்கம் கையை இறக்கினார்.

மற்ற இரண்டு கைகளும் மேலேயே இருந்தன.

யூங்கின் கை. காப்பி அம்மாளின் கை. அவள் கண்ணை மூடியிருந்தாள். இரண்டு மூன்று நொடிக்குப் பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு கையால் காதைப் பொத்தினாள். கை மட்டும் இறங்கவில்லை.

இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்கள் என்றுதான் முதலில் அவருக்குத் தோன்றியது. மறுபடி போடச் சொன்னார். இந்தத் தடவை ஸ்டீரியோவின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடுகள் அதில் உண்டு. அவருக்கு ஒலி நின்ற பிறகும் அந்தக் கோடுகள் துள்ளிக்கொண்டே இருந்தன. நிறைய நேரம் துள்ளின.

“ஸ்பீக்கர் பாடுது சூ” என்றார் யூங். “போன தடவையே எனக்குச் சந்தேகம். சொல்லத் தயக்கமா இருந்துச்சு.”

காப்பி அம்மாள் தன் தள்ளுவண்டிக்குப் போய்விட்டாள்.

கரியமாணிக்கம் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு, யூங் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

“என் பின்னால போயி நில்லு. ‘சாவ்’, ‘தாம்’ ரெண்டையும் மாத்தி மாத்திப் பத்துத் தடவை சொல்லு. பக்கத்துக் கடைல ரம்பம் ஓடுதுல்ல, அது ஓடட்டும்.”

யூங் சொன்னார். கரியமாணிக்கம் ஒவ்வொன்றுக்கும் ஆறு, எட்டு என்று பதில் சொன்னார். பத்தில் ஐந்து சரி. கண்டமேனிக்குச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். குரல் ஏறுவது துல்லியமாகக் கேட்டது. சொல்லின் தலையும் வாலும்தான் கேட்கவில்லை. பிறகு யூங் முன்னால் வந்து நின்று முகத்தைப் பார்த்துச் சொன்னார். பத்துக்குப் பத்து. ‘தாம்’ என்று முடிக்கும்போது உதடு மூடுகிறது. அதைத்தான் இத்தனை நாளும் படித்துக்கொண்டிருந்திருக்கிறார், தனக்கே தெரியாமல்.

வீட்டுக்குப் போய்த் தெய்வயானையிடம் சொன்னார். அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள், அவருடைய வலது பக்கத்தில்.

“ரெண்டு வருஷமா நான் இந்தப் பக்கம் வந்துதானே பேசுறேன். எடது பக்கம் நின்னு சொன்னா ஒங்களுக்கு ஏறுறதில்லை.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன். போன வருஷம் காது டாக்டர்கிட்டப் போவோம்னு ரெண்டு தடவை சொன்னேன். டிவியை அமத்தச் சொல்றேன்னு நெனச்சு அமத்துனீக.”

அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அது அப்படியே அடங்கிப்போயிற்று. சாப்பிட்டு முடித்தபின் மாடிப் பால்கனியில் நின்று கீழே மோட்டார் சைக்கிள்கள் போவதைப் பார்த்தார். அந்த இரைச்சல் எப்போதும்போலத்தான் கேட்டது. கேட்காமல் போனது எது என்று தேடிக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அதுதான் அவரைச் சங்கடப்படுத்தியது.

மறுநாள் காலை காரைக்காலுக்குப் போன் போட்டார்.

“பாய், அந்த அம்மா எட்டுன்னுதான் சொல்லியிருக்காக. மாத்தலை. எனக்குத்தான் காது போச்சு. சோதிச்சுப் பாத்துட்டேன். ஒங்க வாக்கு கெட்டது என்னாலதான்.”

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ, இதுவும் தன் காதுதானோ என்று கரியமாணிக்கம் போனை வலது பக்கம் மாற்றினார்.

“செட்டியாரே” என்றார் ஜெய்னுலாபுதீன் மெதுவாக. “நான் என்ன நெனச்சேன்னு சொல்லவா? நீங்க அந்தம்மாகிட்ட எனக்குத் தெரியாமத் தனியா ஏதோ பேசி முடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன். ஏர்போர்ட்டுக்குப் போற வழியெல்லாம் அதேதான். இங்க வந்து வீட்ல கூடச் சொல்லலை. வேற ஆளு பாக்கணும்னு ரெண்டு பேருகிட்ட விசாரிச்சிட்டேன்.”

கரியமாணிக்கம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“காதுதானே. அல்லா இதோட போதும்னு விட்டாரு” என்றார் ஜெய்னுலாபுதீன். “அடுத்த மாசம் வர்றேன். அதுக்குள்ள என்ன செய்யணுமோ செஞ்சுக்குங்க.”

ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து வரைபடம் எடுத்தார்கள். கோடு பாதி தூரம் நேராக வந்து, அதன்பின் மாடிப்படியில் உருண்டதுபோல் கீழே விழுந்திருந்தது. இடது காதில் இன்னும் மோசம். எந்த வேலை பார்த்தீர்கள் என்று கேட்ட டாக்டரம்மா, ஆலை என்றதும் மேலே கேட்கவில்லை. காது மெஷின் வர ஐந்து வாரம் ஆகும் என்றார்கள்.

ஜெய்னுலாபுதீன் அதற்கு முன்பே வந்துவிட்டார். கரியமாணிக்கம் தெய்வயானையைப் பார்த்தார். சந்தையில் மீனும் காய்கறியும் இருபது வருடமாகப் பேரம் பேசியவள். அவளுடைய வியட்நாமிய மொழியில் இலக்கணம் கிடையாது. எண் தப்பாது.

“நீ வர்றியா? அவுக சொல்றதை அப்புடியே எனக்குத் திருப்பிச் சொன்னாப் போதும்.”

“எனக்கு மிளகைப் பத்தி என்ன தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

சாவ் டுக் கொட்டகையில் கரியமாணிக்கம் முதலில் லானிடம் மன்னிப்புக் கேட்டார். காரணத்தையும் சொன்னார். லான் முகமூடியை முகவாய்க்கு இறக்கிவிட்டு, “என் மாமனாருக்கும் அப்படித்தான். ஒத்துக்கவே இல்லை, சாகிற வரைக்கும்” என்றாள். அதற்குப் பிறகு அவரைப் பார்த்துப் பேசும்போதெல்லாம் முகமூடியை இறக்கினாள். தெய்வயானை எண்களைத் திருப்பிச் சொல்ல, ஆகஸ்டுச் சரக்கு படிந்தது.

காது மெஷின் வந்ததும் முதலில் யூங் கடைக்குத்தான் போகவேண்டி வந்தது. அதை மாட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்தால் ஸ்டீரியோவைப் போட முடியவில்லை. தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி இருந்தது. யூங் திரையில் எல்லாக் கோடுகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து வைத்தார். பழைய ஸ்பீக்கர்களை மட்டும் மாற்றியிருந்தாலே போதும், பெட்டி வேண்டியதில்லை என்று உண்மையைச் சொன்னார். போன் பேச வசதியாக இருக்கிறது, இருக்கட்டும் என்றார் கரியமாணிக்கம். நாதஸ்வரம் முன்புபோல் இல்லை. மெஷின் வழியாக வரும்போது அதில் ஒரு தகரத்தன்மை இருந்தது. மெஷினைக் கழற்றினால் தாளம் இல்லை. எது பரவாயில்லை என்று அன்றன்றைக்கு முடிவு செய்துகொண்டார்.

மெஷின் வந்த பிறகும் தெய்வயானை வீட்டில் நின்றுவிடவில்லை. ஜூலையில் லானோடு அடுத்த வருடத்து விளைச்சலுக்குப் பேச உட்கார்ந்தபோது, லான் நேராகத் தெய்வயானையிடமே பேசினாள். தெய்வயானை கேட்டாள், தலையாட்டினாள், நடுவில் ஏதோ சொல்லி லானைச் சிரிக்க வைத்தாள். பிறகு ஜெய்னுலாபுதீனிடம் தமிழில் சொன்னாள்.

“மார்ச் கடைசிங்கிறாக. நான் ஏப்ரல் பத்துன்னு போட்டுக்குவோம்னேன். மழை முன்னப் பின்ன இருக்கும்ல. சரின்னுட்டாக.”

“நல்லது ஆச்சி” என்றார் ஜெய்னுலாபுதீன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டுக் கரியமாணிக்கத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார், அடுத்த கேள்விக்காக.

பதினான்கு வருடத் தொழிலில் ஒரு பேச்சுவார்த்தை முழுவதும் வாய் திறக்காமல் கரியமாணிக்கம் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். கொஞ்சம் வலித்தது. எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. எழுந்து போய், ஆகஸ்டுச் சரக்குக்காகக் காயவைத்திருந்த மிளகில் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, ஒன்றைக் கடித்துப் பார்த்தார். ஈரம் சற்றுக் கூடுதல். திரும்பி வந்து அதை மட்டும் மனைவியின் காதோரம் சொன்னார். அவள் லானிடம் கேட்டாள். லான் இன்னும் மூன்று நாள் வெயில் வேண்டும் என்று ஒத்துக்கொண்டாள்.

மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன் பெரிய சாலையைப் பிடித்துவிடலாம் என்று மூன்று பேரும் கிளம்பினார்கள்.